புதுமழையில் மயங்கிய விரால்

அடுப்படியில் எவர்சில்வர் மூடி ஒன்று உருண்டோடிச் சுவரில் முட்டி நின்றது. அதன் பின்னாலேயே இன்னொரு சத்தம். சிமெண்டுத் தரையை யாரோ நகத்தால் பிறாண்டுவது போல, விட்டுவிட்டு, அவசர அவசரமாக.

முன்னறையில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கலையரசி, "ஏய் மல்லி, இன்னா அவசரம் உனக்கு? உனக்குத்தானே வச்சிருக்கேன், மெதுவா துன்னு" என்று இருந்த இடத்திலிருந்தே அதட்டினாள்.

மல்லி அவள் வளர்த்த வெள்ளைப் பூனை. கலையரசி தினமும் காஞ்சிபுரத்துத் தெருக்களில் ஏரி மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது, வீட்டு வாசல்களில் மீனைச் சுத்தம் செய்த குடலையெல்லாம் ஒரு சட்டியில் போட்டு எடுத்து வருவாள். மல்லிக்கும் கொல்லையில் மேயும் நாலு கோழிக்கும் அதுதான் அன்றாட விருந்து.

பிறாண்டும் சத்தம் நிற்கவில்லை. அதட்டலுக்குப் பதிலாக ஒரு மியாவ்கூட வரவில்லை.

அவள் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். மல்லி ஒருக்களித்துக் கிடந்தது. நான்கு கால்களும் ஓடுவது போலக் காற்றை உதைத்தன. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்து தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. கண்ணின் கருமணி ஊசிமுனையளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. கலையரசி அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவள் மடியிலேயே அது இரண்டு முறை வெட்டியிழுத்து அடங்கிப் போனது.

மழை பெய்த மறுநாள் ஏரிக்கரை வீட்டில் பாம்பு நுழைவது புதிதல்ல. பாம்பென்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கொல்லைக் கதவைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டியோரம் இரண்டு கோழிகள் இறக்கையை விரித்தபடி குப்புறக் கிடந்தன. மூன்றாவது கழுத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பாம்பு பூனையையும் கோழிகளையும் வரிசையாகத் தேடிப் போய்க் கொத்தும்?

அவள் பார்வை மெல்லத் திரும்பிச் சட்டியில் போய் நின்றது. வந்ததும் கோழிகளுக்கும் அதிலிருந்துதான் ஒரு கை அள்ளிப் போட்டிருந்தாள். சட்டி பாதி காலியாகியிருந்தது.

அந்தக் குடல்கள் எந்த விரால்களின் வயிற்றில் இருந்தனவோ, அந்த விரால்கள் இந்த நேரத்தில் காஞ்சிபுரத்தில் நாலு வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன.

கலையரசிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது ஓரிக்கையில், பாலாற்றங்கரையில். அங்கே ஆறு என்றால் மணல். தண்ணீர் எப்போதோ வந்து போகும் விருந்தாளி. காசிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு, திருப்புட்குழி தாண்டி இந்தக் காலனிக்கு வந்த அன்று, கரைமேல் ஏறிப் பெரிய ஏரியைப் பார்த்து அவள் புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கரைப் பனைமரங்கள் கடுகு போலத் தெரிந்தன. நடுவில் அத்தனையும் தண்ணீர். "இதுல வுழுந்தா ஆரு எடுப்பாங்க?" என்று கேட்டாள். "நான்தான் எடுப்பேன். எங்க ஊட்டு வேலையே அதான்" என்று அவன் சிரித்தான்.

பொய்யில்லை. காசிநாதனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. ஏழு மதகையும் மூச்சடக்கி மூழ்கித் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பிரித்துவிட்ட குடும்பம். அந்த வயல்களில் ஒரு சாண்கூட அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இப்போது காலனிப் பிள்ளைகள் கார் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போய்விட்டார்கள். காசிநாதன் மட்டும் ஏரியை விடவில்லை. மீன் குத்தகை எடுத்த தணிகாசலத்திடம் காவலாளாக இருந்தான்.

கலையரசிக்கு இரண்டு கரு கலைந்தது. மூன்றாவது ஏழாம் மாதத்தில் பிறந்து ஒரே ஒரு பகல் மூச்சுவிட்டது. அந்தத் துக்கத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் அவள் முதன்முதலாக ஏரியில் இறங்கினாள். பயந்த தண்ணீரே அவளைத் தாங்கிக்கொண்டது. இடுப்பளவு நீரில் நின்று சேற்றைத் துழாவி, கையில் படுவது கெண்டையா விராலா குறவையா என்று தொட்டே சொல்லப் பழகினாள். ஐப்பசி பிறந்தால் வானத்திலிருந்து நாரையும் சிறகியும் கூழைக்கடாவும் கூட்டம் கூட்டமாக இறங்கும். அவற்றுக்கு நடுவே குனிந்து நிற்கும் கலையரசியைப் பார்த்துப் பறவைகள் ஒதுங்குவதுகூட இல்லை. பிள்ளையில்லாத வீட்டின் அமைதியை அந்த இரைச்சல்தான் இருபது வருஷமாக நிரப்பியது.

அன்று விடியற்காலை நடந்ததை இப்போது அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

நாற்பது நாள் வறண்ட வெயிலுக்குப் பிறகு ராத்திரி நல்ல மழை. மேற்கு மூலையில் ஏரி ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் இடத்துக்குக் காலையில் அவள் போனாள். முதல் மழையில் செம்மண் தண்ணீர் வந்து கலந்தால் மீன்களுக்கு மூச்சு முட்டும். வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும். இதற்குப் புதுமழை மயக்கம் என்று பெயர். வருஷா வருஷம் நடப்பதுதான். கரையிலிருக்கிற எல்லா ஊரும் கூடையோடு வந்து அள்ளிப் போகும். தின்றவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மயங்கிய கெண்டைகளுக்கு நடுவே நாலு விரால் மல்லாந்து கிடந்தன. செவுள் மட்டும் அசைந்தது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

அப்போது அவள் நெஞ்சில் ஒரு முள் குத்தியது உண்மை. விரால் புதுமழைக்கு மயங்காது. சேற்றுக் குழியில் போட்டாலும் தலையைத் தூக்கி வெளிக்காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும் ஜாதி அது. பக்கத்தில் ஒரு பட்டமரத்தின் மேல் நீர்க்காகம் ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அவள் கைக்கெட்டும் தூரத்துக்குப் போயும் பறக்கவில்லை. அதையும் பார்த்தாள்.

ஆனால் ஒரு மாதமாக ஒரு குரல் அவள் காதிலேயே இருந்தது. "கலைம்மா, சினை விரால் கெடைக்குமா?" அந்த ஆசை கண்ணை மறைத்தது. முள் குத்திய இடத்தைத் தடவிப் பார்க்காமலே அவள் நாலு விராலையும் மீன் டிரம்மில் போட்டாள்.

இப்போது அவள் போனை எடுத்தாள். பிள்ளையார்பாளையத்தில் முதல் வீடு எடுத்தது. இரண்டாவது வீடும் எடுத்தது. இரண்டிலும் யாரும் இன்னும் தின்றிருக்கவில்லை. மூன்றாவது, தறிக்காரர் வீட்டு அகிலா.

"அகிலா, அந்த மீனைத் துன்னாதீங்க. கொட்டிடு. சட்டியோட கொட்டிடு."

"இன்னா கலை, கொளம்பு கொதிக்கிற நேரத்துல சொல்றே? தறியில குந்திக்கினு இருக்கிற மனுசன் வாசனையைப் புடிச்சுக்கினே ஒரு முழம் நெய்ஞ்சுட்டாரு. அவருக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

"என் பூனை செத்துப்போச்சு அகிலா. அதுங்க குடலைத் துன்னுட்டு."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "கொட்டிட்டேன்" என்றாள் அகிலா, மெல்லிய குரலில்.

மிச்சமிருந்தது ஒரு வீடு. நௌஷீன் வீடு.

பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் ஜரிகை வியாபாரம் செய்யும் குடும்பம் அது. மாமியார் மெஹதாபுக்குக் கலையரசி பதினெட்டு வருஷமாக மீன் கொடுக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் மெஹதாபின் மகன் அயாஸைக் கட்டிக்கொண்டு ஆற்காட்டிலிருந்து மருமகளாக வந்தவள் நௌஷீன். இருபத்துமூன்று வயது. தாயில்லாப் பெண். மெஹதாபை அம்மி என்றும், வாசலில் உட்கார்ந்து மீன் கழுவும் இவளைக் கலைம்மா என்றும் கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கலையரசி உயிரைக் கொடுப்பாள். இப்போது நௌஷீனுக்கு ஏழாம் மாதம்.

மற்ற வீடுகளில் குடலை எடுத்துச் சட்டியில் போட்டுக்கொண்ட கலையரசி, அவளுக்கு மட்டும் இருப்பதிலேயே பெரிய விராலைக் கொடுத்தாள். வயிற்றிலிருந்த பொன்னிறச் சினையை ஈரலோடு சேர்த்து எடுத்து வாழை இலையில் வைத்து, "மிளகு போட்டு வறுத்து சுடச்சுடத் துன்னும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நௌஷீன்தான் எடுத்தாள்.

"கலைம்மா, நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். சினை பஞ்சு மாதிரி இருந்துச்சு. ஒரு துண்டுகூட யாருக்கும் குடுக்கல, தெரியுமா?"

"துன்னுட்டியாம்மா?"

"எப்பவோ. அரை மணி நேரம் ஆச்சு. ஆனா இன்னாமோ, வாயில எச்சில் ஊறிக்கினே இருக்குது, புளியங்காய் பார்த்தாப்ல. கண்ணு வேற மங்கலா தெரியுது. அம்மி சொல்றாங்க, வயித்துல பையன்னா அப்டித்தான் இருக்குமாம்."

நௌஷீன் சிரித்தாள். கலையரசி தன் காலடியில் கிடந்த மல்லியின் வாயைப் பார்த்தாள். எச்சில் இன்னும் காயவில்லை.

"அம்மியைக் கூப்பிடு. உடனே கூப்பிடு."

மெஹதாபின் குரல் வந்தது. "இன்னா கலை, புள்ளை மொகமே மாறிப்போச்சு. இன்னா சொன்னே அவகிட்ட?"

"அக்கா, மீன்ல விஷம். இன்னா ஏதுன்னு கேக்காதீங்க. அயாஸ் தம்பிகிட்டச் சொல்லி இந்த நிமிஷமே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க. நான் பின்னாலயே வரேன்."

 போன் கீழே விழுந்த சத்தமும், "அயாஸ்" என்று கிழிந்த ஒரு குரலும்தான் கேட்டன.

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கலையரசி வாசலுக்குத் திரும்பியபோது காசிநாதன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். உள்ளே வந்தவன் பூனையைப் பார்த்தான். கொல்லைக் கதவு வழியே கோழிகளைப் பார்த்தான். 

"எங்க புடிச்சே?" என்றான்.

"மேக்கு மூலையில. மயங்கிக் கெடந்துச்சு. நாலு விரால்."

"விரால் மயங்குமா? எத்தினி வருசமா ஏரியில நிக்கிறே நீ. புதுமழைக்கு விரால் மயங்கி எப்பனா பார்த்திருக்கிறியா?"

கலையரசி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டது கோபக் குரலில்லை. கெஞ்சும் குரல். இல்லை என்று அவள் சொல்லிவிட வேண்டும், மேற்கு மூலை இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அவன் கண்கள் யாசித்தன. அந்தக் கண்களைப் பார்த்த கணத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா பண்ணே நீ?"

அவன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

"நீர்க்காகத்துக்கு வச்சேன். இந்த வருசம் ஆயிரக்கணக்குல வந்து எறங்கிடுச்சு. வுட்ட குஞ்சு மீனெல்லாம் துன்னுடுது. தணிகாசலம் கூப்புட்டு, ஒண்ணு பறவை இருக்கணும், இல்லாங்காட்டி நீ இருக்கணும்னாரு. பறவை போகலேன்னா உன் பொண்டாட்டியும் ஏரியில கை வைக்கக் கூடாதுன்னாரு. குருணை மருந்தை அவர்தான் குடுத்தாரு. சின்னக் கெண்டை வயித்துல வச்சு, மேக்கு மூலையில சேத்து மேல பரப்பிட்டு வந்தேன். காய்ஞ்ச சேறு, கலை. சத்தியமா தண்ணி இல்ல அங்க. ராத்திரி மழை பேயும்னு ஆரு கண்டாங்க?"

ராத்திரி பெய்த மழையில் ஏரி ஒரு சாண் ஏறி அந்தச் சேற்றை மூடியிருக்கிறது. பறவைக்கு வைத்ததை விரால் விழுங்கியிருக்கிறது. விரால் வயிற்றிலிருந்ததை அவள் தன் கையால் வாழை இலையில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறாள். புருஷன் வைத்த வினையைப் பொண்டாட்டி சுமந்து போய் வீடு சேர்த்திருக்கிறாள்.

"மிச்ச மருந்து எங்க?"

"எதுக்கு?"

"நௌஷீன் சினையைத் துன்னுட்டா. ஏழு மாசம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க. எங்க அந்த மருந்து?"

காசிநாதன் இரண்டு கைகளாலும் அவள் காலைப் பிடித்தான். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவன் அவள் காலைத் தொட்டதில்லை. "கலை, பறவைக்கு வெஷம் வச்சாலே ஜெயிலு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா கொலை கேசு. மீன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. டாக்டருங்களுக்குப் பார்த்தாலே தெரியும். நம்ம வாயால சொல்ல வேணாம்."

கலையரசி காலை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றாள். அவள் பயந்தது போலீசுக்கு இல்லை. தன் மார்பில் ஒரு பகல் மட்டும் கிடந்து குளிர்ந்துபோன அந்தச் சின்ன உடம்பின் கனம் அவள் கையில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

"ஜெயிலுன்னா நீ திரும்பி வருவே. அந்தப் புள்ளை வராது" என்றாள்.

அவன் கை தளர்ந்தது.  பிறகு தலையைத் தூக்காமலே, "மதகுக்குப் பின்னால, கருவேலம் பொதரு" என்றான்.

அவள் மொபெட்டைக் கிளப்பிக் கரைமேல் ஓட்டினாள். புதரில் முள் கிழிக்கக் கிழிக்கக் கையை விட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். நனைந்த தாளுக்குள் ஒரு பிடி குருணை. கத்திரிப்பூ நிறம். அதை மடியில் கட்டிக்கொண்டாள். ஏரியின் பக்கம் ஒருமுறை தலை திரும்பியது. வழக்கமாக அந்த நேரத்தில் காது கிழியக் கத்தும் மேற்கு மூலை வாயடைத்துக் கிடந்தது. தண்ணீரில் கறுப்புத் துணிகள் போல அங்கங்கே ஏதோ மிதந்தன.

பன்னிரண்டு கிலோமீட்டர். நெடுஞ்சாலை லாரிகள் அவளை உரசிக்கொண்டு போயின. போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் என்ன வார்த்தை வரும்? எடுக்காதவரைக்கும் நௌஷீன் உயிரோடிருக்கிறாள் என்று அவளுக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்கு. அக்கம்மா, முனீஸ்வரா, அவங்க சாமி யாரோ அந்தச் சாமியே என்று வாய் முணுமுணுத்தது.

அவசரப் பிரிவு வாசலில் மெஹதாப் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். கலையரசியைப் பார்த்ததும் கையை உள்ளே காட்டினாள்.

கட்டிலில் நௌஷீன் வெட்டியிழுத்துக்கொண்டிருந்தாள். அரை மணிக்கு முன் சிரித்த வாயிலிருந்து நுரை ஒழுகியது. அயாஸ் அவள் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதான். இளம்வயது லேடி டாக்டர் ஒருத்தி கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"யார் மீன் குடுத்தது?"

"நான்தாம்மா."

"பூச்சி மருந்து மாதிரித்தான் தெரியுது. எந்த வகைன்னு தெரியாம முழு மருந்தும் ஏத்தப் பயமா இருக்கு. ஒரு வகைக்குக் கொடுக்கிறது இன்னொரு வகைக்கு ஆகாது. ரெண்டு உயிர். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கலையரசி மடியை அவிழ்த்தாள். அறையிலிருந்த எல்லாரும் அந்தக் கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்தார்கள். டாக்டர் நனைந்த தாளை விளக்கில் பிடித்துப் படித்தாள். நர்சிடம் இரண்டு மருந்தின் பெயரைச் சொன்னாள். மூன்றாவதை வேண்டாம் என்றாள். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. ஊசி ஏறிய பிறகுதான் அவள் மறுபடி கலையரசியிடம் வந்தாள்.

"இதை நான் போலீசுக்கு எழுதியாகணும். இந்த மருந்தை ஏரியில வச்சது யாருன்னு தெரியுமா?"

மெஹதாப், அயாஸ், நர்சு, வாசலில் நின்ற வார்டு பையன், எல்லார் கண்ணும் அவள் வாயில். தாலிக்கயிறு கழுத்தை அறுப்பது போலிருந்தது.

"என் வூட்டுக்காரர்" என்றாள் கலையரசி. "பேரு காசிநாதன்."

சாயங்காலம் வரை அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை; போகச் சொல்லவும் இல்லை. உள்ளே கருவியொன்றில் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைப் பெரிதாக்கிக் கேட்டார்கள். குதிரை ஓடுவது போன்ற அந்தச் சத்தம் நடுவில் சில கணம் நின்று நின்று வந்தது.  நாலரை மணிக்குத்தான் அது நிற்காமல் ஓடத் தொடங்கியது.

ஊரில் என்ன நடந்தது என்று காலனிக்காரர்கள் பிறகு சொன்னார்கள். அவள் கிளம்பிய கையோடு காசிநாதன் மேற்கு மூலையில் இறங்கியிருக்கிறான். மிச்சமிருந்த கெண்டைகளைச் சேற்றில் துழாவித் துழாவிப் பொறுக்கியிருக்கிறான். செத்த பறவைகளையும் ஒவ்வொன்றாகக் கரையில் அடுக்கியிருக்கிறான். முப்பத்தொரு நீர்க்காகம், இரண்டு கூழைக்கடா, ஒரு நீர்நாய். வனத்துறை ஜீப் வந்தபோது அவற்றுக்கு நடுவே இடுப்புத் துணி சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவன், எழுந்து தானாகவே ஏறிக்கொண்டான். மருந்து யார் கொடுத்தது என்றும் சொன்னான். தணிகாசலம் தனக்கு அந்த ஆளைச் சரியாகத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏரியில் மூன்று மாதத்துக்கு யாரும் மீன் பிடிக்கக் கூடாதென்று பலகை வைத்தார்கள். காலனியில் பாதி வீட்டுக்காரர்கள் கலையரசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சேதி.

எட்டாம் நாள் நௌஷீன் வீடு திரும்பிவிட்டாள் என்று அகிலா போன் செய்தாள். மறுநாள் காலை கலையரசி பஸ் ஏறினாள். டிரம் இல்லாமல், வெறுங்கையோடு அந்தச் சந்துக்குள் அவள் நடந்ததே இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மெஹதாப்தான் கதவைத் திறந்தாள். ஒன்பது நாளில் பத்து வயது கூடியிருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள். "உள்ள வா. நிக்காத."

கலையரசி வாசற்படிக்கு உட்புறம், கதவோரமாகவே உட்கார்ந்தாள். மெஹதாப் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எப்டிக்கா இருக்குது பொண்ணு?"

"நடக்குறா. கை நடுக்கம் இன்னும் போகல. கொழந்தை துடிப்பு இருக்குதாம். ஆனா பொறந்து கண்ணு முழிச்சுப் பார்த்தாத்தான் எதையும் சொல்ல முடியும்னுட்டாங்க டாக்டரம்மா. வாராவாரம் வரச் சொல்லியிருக்காங்க." மெஹதாப் சேலை நுனியைத் திருகினாள். "அந்தப் பொட்டலத்தை நீ கொண்டுவரலேன்னா ரெண்டும் போயிருக்கும்னும் அவங்கதான் சொன்னாங்க. அதான் அயாஸ் உன்மேல ஒண்ணும் எழுதிக் குடுக்கல. நான்தான் வேணாம்னேன். உன் புருசன் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவே கலை? உனக்கு இன்னா தெரியும்?"

உள்ளறைத் திரை அசைந்தது. நௌஷீன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஆனாலும் கலையரசியைப் பார்த்து அவள் உதடு சிரிக்க முயன்றது.

"கலைம்மா."

அந்தக் குரலுக்குப் பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் போதும். பதினெட்டு வருஷத்து வாசல் திறந்தே இருந்திருக்கும். பிள்ளை பிறந்ததும் அவள் மடியில் போட்டுக் காட்டியிருப்பார்கள். அது அத்தனையும் கலையரசிக்குத் தெரிந்தது. தெரிந்ததாலேயே அவளால் தலையை ஆட்ட முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்ற பொய்யின் மேல் உட்கார்ந்து, அந்தக் குழந்தையை எப்படி ஏந்துவாள்?

"தோணுச்சுக்கா" என்றாள்.

"இன்னா?"

"புதுமழைக்கு விரால் மயங்காது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் எங்க ஊர்ல. அன்னிக்குக் காலையில எனக்கு ஒரு நொடி தோணுச்சு. பக்கத்துல நீர்க்காகம் பறக்காம குந்தியிருந்ததையும் பார்த்தேன். மருந்துன்னு தெரியாது, அது சத்தியம். ஆனா ஏதோ சரியில்லைன்னு தெரியும். ஒரு மாசமா சினை விரால் கேட்டுக்கினே இருந்தாளேன்னு, அவ சந்தோசப்படுவாளேன்னு, நெனைப்பைத் தள்ளிட்டு எடுத்தாந்தேன்."

 மெஹதாபின் கை சேலை நுனியில் அப்படியே நின்றுவிட்டது.

நௌஷீனின் சிரிப்பு எப்போது அணைந்தது என்று கலையரசி பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் மெதுவாக இறங்கி வயிற்றைப் பொத்திக்கொண்டதைத்தான். துப்பட்டாவை இழுத்து வயிற்றின் மேல் போர்த்தினாள். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. திரை அவளை மூடிக்கொண்டது.

தான் கொடுத்ததையெல்லாம் நம்பி வாங்கித் தின்ற பெண் தன்னைக் கண்டு பயந்து ஒதுங்குகிறாள். கலையரசிக்கு அழுகை வரவில்லை.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள் மெஹதாப். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால்கூடக் கலையரசி அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

"இருந்திருக்கலாம்க்கா."

"அவளுக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. தண்ணி குடுத்தாக்கூட நான் மொதல்ல குடிச்சுக் காட்டணும். நீ வந்துக்கினு இருந்தா..." மெஹதாப் முடிக்கவில்லை.

"புரியுதுக்கா. வரமாட்டேன். கொழந்தை பொறந்தா மட்டும் அகிலாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவுடுங்க. கண்ணு தொறந்துச்சான்னு."

மெஹதாப் தலையசைத்தாளா இல்லையா என்று தெரியவில்லை. கலையரசி எழுந்தாள். தரையில் வைத்திருந்த தண்ணீரைத் தொடாமலே எழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து எடுத்து நின்றபடியே குடித்தாள். டம்ளரை நீட்டினாள். மெஹதாப் அதை வாங்கிக்கொண்டாள். விரல்கள் படவில்லை.

"வெயில் ஏறுது. கெளம்பு" என்றாள்.

கலையரசி படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தில் இரண்டு எட்டு வைத்தாள். அவளுக்குப் பின்னால் கதவு, ஓசை எழாதபடி மெதுவாக, முழுவதும் சாத்தப்பட்டது.